மூணு டிரைவரும் காலாப்பட்டு கவுண்டரும்

பிரிண்டர் சத்தம் போட்டால் எனக்குப் பயமில்லை. சத்தம் போடாமல் இருந்தால்தான் பயம். அனுப்பியாச்சு, போய்விட்டதாகத் திரையிலும் காட்டியாச்சு, மெஷின் மட்டும் கம்மென்று உட்கார்ந்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் நினைக்காத கெடுதல் கிடையாது. கேபிளை எலி கடித்திருக்குமோ, நெட் போயிருக்குமோ, தாள் வேறு எங்கேயாவது போய் யார் கையிலாவது விழுந்திருக்குமோ. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கடைசியாகச் சொன்னது எங்கள் ஆபீசில் நிஜமாகவே நடந்தது.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஜெராக்ஸ் கடையில் நின்றேன், டைப்பிங் சென்டரில் உட்கார்ந்தேன், பிறகு இந்த மொழிபெயர்ப்பு ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே கம்ப்யூட்டரும் பிரிண்டரும் என் பொறுப்பு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுத் தாள் தேவைப்படும் குடும்பம் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, தாத்தா பட்டாளத்தில் இருந்ததற்கான தாள், எல்லாவற்றையும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றி, முத்திரை குத்திக் கொடுப்பது எங்கள் வேலை. முதலாளி பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம் வருகிற மாதிரி ஊரே அவரை முசியே என்றுதான் கூப்பிடும். நாங்களும் அப்படியே.

எங்களுக்கு மூன்று இடத்தில் கவுண்டர் உண்டு. டவுனில் ஒன்று, கருவடிக்குப்பத்தில் ஒன்று, காலாப்பட்டில் ஒன்று. மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் இருந்தாலும் வேலை நடப்பது ஒரே பெட்டியில். அந்தப் பெட்டி, அதாவது சர்வர், தட்டாஞ்சாவடி எஸ்டேட்டில் முசியேவின் தம்பி நடத்துகிற பட்டறைக்குள் ஒரு சின்ன ஏசி ரூமில் இருக்கிறது. அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது, அதனால்தான் அங்கே. காலாப்பட்டில் உட்கார்ந்திருக்கிறவர் தன் திரையில் பார்ப்பது தட்டாஞ்சாவடிப் பெட்டியைத்தான். அவர் இங்கே தட்டினால் எழுத்து அங்கே விழும். இதற்கு ரிமோட் டெஸ்க்டாப் என்று பேர். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பக்கத்து வீட்டு அடுப்பில் சமைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சமையல் நன்றாகவே நடக்கும். வெந்ததைத் திரும்ப நம் வீட்டுத் தட்டுக்குக் கொண்டுவருவதில்தான் தகராறு. பிரிண்டிங் என்பது அந்தத் தகராறு.

ஏன் தகராறு என்றால், ஒவ்வொரு பிரிண்டருக்கும் ஒரு பாஷை. அந்தப் பாஷை பேசத் தெரிந்த புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பேர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் துபாஷி, ரெண்டு பாஷைக்கு நடுவே நிற்கிறவன். மூன்று கவுண்டரில் மூன்று கம்பெனி பிரிண்டர் இருந்ததால் சர்வருக்குள் மூன்று துபாஷிகள் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஒருத்தன் தடுக்கி விழுந்தால் சும்மா விழ மாட்டான். அச்சு வரிசையைக் காத்துக்கொண்டிருக்கிற ஸ்பூலர் என்ற புரோகிராமையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுவான். அது விழுந்தால் மூன்று ஊரிலும் ஒரு தாள்கூட வராது.

விழாத நாளில் வேறு கூத்து. ஒரு நாள் கருவடிக்குப்பத்துக் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் போன் பண்ணினார்.

"ஏம்மா, இங்க ஒரு பெரியவரு உயிரோட இருக்காருன்னு தாள் வந்து கிடக்குது. ஆளு எங்க?"

அவர் அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போதே காலாப்பட்டு கவுண்டரில் உட்கார்கிற அக்கா இன்னொரு போனில்.

"அடியே, இங்க ஆளு இருக்காரு, உயிரும் இருக்குது. தாளுதான் இல்ல."

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, நாங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று பிரான்சுக்குத் தாள் அனுப்ப வேண்டும். அந்தத் தாள்களை எழுதிக் கொடுக்கும் சமயம்தான் எங்களுக்குச் சீசன். அந்தச் சமயத்தில் காலாப்பட்டு கவுண்டருக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் கோல் ஊன்றி வருகிறவர்கள். கடலோரத்துக் கிராமங்களில் இருந்து வருவார்கள். போன சீசனில் ஒரு நாள் காலை முழுக்க ஸ்பூலர் விழுந்தும் எழுந்தும் கொண்டிருந்தது. ஒரு கிழவி மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, "நாளைக்கு வாரேன், அதுவரைக்கும் உயிரோட இருந்தா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாராம். அக்கா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முசியே சிரிக்கவில்லை.

இந்த வருஷம் சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"இது சரியாகலைன்னா காலாப்பட்டை மூடிடறேன்மா. வயசானவங்களை உட்கார வச்சித் திருப்பி அனுப்பறது பாவம். டவுனுக்கே வரட்டும்."

"டவுனுக்கு வர்றதுன்னா பஸ் ஏறி, அப்புறம் ஆட்டோ பிடிச்சி..."

"தெரியும். இங்க வந்தா தாளாவது கையில கிடைக்கும்."

அவர் கோபத்தில் பேசவில்லை. வருத்தத்தில் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் பயம். கோபமாக இருந்தால் மறுநாள் ஆறிவிடும்.

காலாப்பட்டு அக்கா அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர். வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்த பிறகு, மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பாடு ஊட்டிவிட்டு வர முடிகிற வேலை அவருக்கு இது ஒன்றுதான். கவுண்டரை டவுனுக்குக் கொண்டுபோனால் அக்கா வேலையை விட வேண்டும். இது முசியேவுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் மட்டும் போகிற இடமெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். சோற்றில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன்.

வழி ஒன்று இருந்தது. மூன்று துபாஷிகளையும் வெளியே அனுப்பிவிட்டு எல்லாப் பிரிண்டருக்கும் பொதுவாக ஒரே துபாஷியை வைத்துக்கொள்வது. யுனிவர்சல் டிரைவர் என்று விற்கிறார்கள், சிலது சும்மாவும் கிடைக்கிறது. நான் இதைச் சொன்னபோது முசியே கேட்டார்.

"எத்தனை வகை இருக்கு?"

"நமக்கு ஆகிற மாதிரி மூணு, முசியே."

"அப்ப மூணையும் போட்டுப் பாரு. எது நல்லதோ அதை வச்சிக்குவோம்."

அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். புதுசாக ஒன்றைப் போட்டு, இருக்கிற கொஞ்ச நஞ்சமும் நின்றுபோனால்? நல்ல வேளையாக எங்கள் ஊரில் மத்தியானம் கடை சாத்துகிற வழக்கம் இருக்கிறது. வெயில் உச்சிக்கு வந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, வெயில் தாழ்ந்தபின் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதற்கு எங்களைக் கிண்டல் பண்ணுவார்கள். எனக்கு அந்த நேரம்தான் கைகொடுத்தது. சாத்தின ஷட்டருக்குள் உட்கார்ந்து எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அக்காவும் சம்மதித்தார். வீட்டுக்காரருக்கு ஊட்டிவிட்டு, தன் சாப்பாட்டை டிபன் பாக்சில் கவுண்டருக்கே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டே சோதனை.

சோதனைக்கு ஒரு தாள் தயார் பண்ணினோம். மேலே பிரெஞ்சில் ஒரு பத்தி. அதில் தொப்பி வைத்த எழுத்து, வால் முளைத்த எழுத்து, தலையில் ரெண்டு புள்ளி வைத்த எழுத்து எல்லாம் வருகிற மாதிரி முசியே பார்த்துப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அதற்குக் கீழே காலாப்பட்டு விலாசம், தமிழில் ஒரு வரி. வலது பக்கம் ஒரு போட்டோ. யார் போட்டோ வைப்பது என்று வந்தபோது அக்கா தன்னுடையதையே அனுப்பிவிட்டார். போட்டோவின் மூலையில் மங்கலாக ஒரு வட்டம். எங்கள் முத்திரை பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழ வேண்டும், அதற்கு அடையாளம்தான் அந்த வட்டம். தாள் ஒரு துளி சுருங்கி அச்சாகிவிட்டாலும் வட்டம் விலகிவிடும். அதைக் கண்டுபிடிக்க முசியேவுக்கு ஒரு வழி உண்டு. சரியாக வந்த பழைய தாளை அடியில் வைத்து, புதுசை மேலே வைத்து, ரெண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிடிப்பார். வெளிச்சத்தில் ரெண்டு வட்டமும் ஒன்றாகத் தெரிந்தால் சரி. ரெண்டாகத் தெரிந்தால் தாள் குப்பைக்கு.

முதல் டிரைவர் சர்வரோடு சேர்ந்தே வருவது. எதையும் வாங்க வேண்டாம், பிரிண்டரைப் பற்றிச் சர்வருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். பக்கத்தை அப்படியே மூட்டை கட்டி அனுப்பிவிடும், அந்த முனையில் இருக்கும் கம்ப்யூட்டர் மூட்டையைப் பிரித்து அச்சடித்துக்கொள்ளும். டவுனில் போட்டுப் பார்த்தேன், அருமை. காலாப்பட்டுக்கு அனுப்பினேன்.

"வந்துச்சா அக்கா?"

"இல்ல."

"இப்ப?"

"சோறு பிசைஞ்சிக்கினு இருக்கறேன். வந்தா சொல்றேன்."

கொஞ்ச நேரம் போனது.

"அக்கா?"

"ரசத்துக்கு வந்துட்டேன்டி. இப்பதான் என் நெத்தி வந்திருக்குது. மூக்கு வர்றதுக்குள்ள மோரும் முடிஞ்சிடும்."

வந்த தாளில் ஒரு குறையும் இல்லை. பிரெஞ்சு சுத்தம், தமிழ் சுத்தம், வட்டமும் சரி. ஆனால் போட்டோவோடு சேர்ந்த மூட்டை கனம், காலாப்பட்டில் எங்களுக்குக் கிடைக்கிற நெட்டோ மெலிசு. வரிசையில் ஆள் நிற்கும்போது ஒரு தாளுக்கு ஒரு சாப்பாட்டு நேரம் என்றால் வேலை நடக்காது.

ரெண்டாவது டிரைவர் ஒரு பிரிண்டர் கம்பெனியே கொடுப்பது. தன் கம்பெனி மெஷின் எதுவானாலும் பேசுவேன் என்று சொல்லிக்கொள்ளும். டவுனில் இருந்தது அந்தக் கம்பெனி மெஷின்தான், அதில் எழுத்து கத்தி மாதிரி விழுந்தது. காலாப்பட்டில் இருந்தது வேறு கம்பெனி. மற்ற கம்பெனி மெஷினும் அந்தப் பாஷையைக் கொஞ்சம் புரிந்துகொள்ளும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அந்த நம்பிக்கையில் அனுப்பினேன்.

"வருதுடி, வருது... வேகமா வருது. ஒரு வரி அடிச்சிட்டுத் தாளைத் துப்புது. அடுத்த தாள்ல இன்னொரு வரி. எல்லாம் கோழி கிண்டின மாதிரி இருக்குது. இன்னாடி இது, நிக்க மாட்டேங்குது!"

"அக்கா, தாளை உருவிடுங்க!"

"உருவிட்டேன். அதுக்கும் பசி அடங்கல, லைட்டு போட்டுப் போட்டுக் கேக்குது."

"பிளக்கைப் புடுங்குங்க!"

"மாதாவே" என்று ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் அமைதி. "புடுங்கிட்டேன். மோர் கொட்டிப்போச்சு."

மெஷின் மேலே குற்றமில்லை, டிரைவர் மேலேயும் இல்லை. தன் வீட்டு ஆட்களிடம் நன்றாகப் பேசுகிறவனை அடுத்த வீட்டுக்கு அனுப்பியது நான்.

மூன்றாவது, இதற்கென்றே இருக்கிற ஒரு கம்பெனியுடையது. காசு கொடுத்து வாங்க வேண்டும், முதலில் சும்மா போட்டுப் பார்க்கலாம். சர்வரில் ஒரு பாகம், ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு பாகம். நடுவில் போகிற சரக்கைப் பிழிந்து சின்னதாக்கி அனுப்பும். மாட்டி முடித்து, காலாப்பட்டுக்கு ஒன்று தட்டிவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன்.

"ஏய், நீ இன்னும் அனுப்பறேன்னே சொல்லல. வந்துட்டுது!"

"போட்டோ?"

"பொண்ணு பாக்க வரச்சொல்லலாம்போல இருக்கறேன்."

"வட்டம்?"

"சரியா மூலையில."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் நான் அப்படிச் சட்டென்று சந்தோஷப்படுகிற ஜாதி இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாத பிரெஞ்சைத்தான் கடைசியாகக் கேட்டேன்.

"பிரெஞ்சு, அக்கா?"

"மேல எல்லாம் சுத்தமா இருக்குது. கடைசி வரிதான் கெட்டுக் கிடக்குது. தொப்பியும் வாலும் கண்டபடிக்கு ஒட்டிக்கினு இருக்குது, வார்த்தையே சேரல."

தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்லி முசியேவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார். வாய்க்குள் படித்துப் பார்த்தார், முகம் சுளித்தார்.

"இது பிரெஞ்சு இல்லம்மா. பிரெஞ்சுக்கு வந்த காய்ச்சல்."

சரி, பிரெஞ்சு பத்தியின் கடைசி வரியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினோம். அதற்கப்புறம் ஒவ்வொரு மத்தியானமும் சர்வரில் பிரெஞ்சு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு திருகையும் திருகினேன். மொழியை மாற்றினேன், நாட்டை மாற்றினேன், கீபோர்டை மாற்றினேன். முசியே பத்தியை வேறு மாதிரி எழுதிக் கொடுத்தார். மேல் வரிகள் ஒவ்வொரு தடவையும் அழகாக வந்தன. கடைசி வரி ஒவ்வொரு தடவையும் அதே காய்ச்சலில் கிடந்தது. சீசன் நெருங்கிக்கொண்டே வந்தது. காலாப்பட்டு கட்டிடக்காரரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று முசியே ஒரு நாள் சொன்னார். கவுண்டரைக் காலி பண்ணத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் அக்காவே கேட்டார்.

"ஏய், ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. உன் சோதனைத் தாள்ல தமிழே வைக்கலியா?"

"வச்சிருக்கேனே அக்கா. உங்க விலாசம்தான். கடைசி வரி."

"கடைசி வரி பிரெஞ்சாச்சே."

"இல்ல அக்கா, பிரெஞ்சு அதுக்கு மேலயே முடிஞ்சி..."

நான் திரையில் வரிகளை எண்ணிப் பார்த்தேன். போனில் கவுண்டர் வாசலில் காக்கா கத்துவது கேட்டது.

"அப்ப தமிழ் எங்கடி போச்சு?" என்றார் அக்கா.

எங்கேயும் போகவில்லை. வேஷம் போட்டுக்கொண்டு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஆபீசில் தமிழ் வரிகள் எல்லாம் ரொம்ப வருஷத்துக்கு முன்னால், டைப்ரைட்டர் கீபோர்டுக்குச் செய்த பழைய எழுத்துருவில் அடித்தவை. இப்போது போனில் அடிக்கிற யுனிகோட் தமிழ் அப்போது எங்கள் கைக்கு வரவில்லை. அந்தப் பழைய எழுத்துருக்கள் தமிழ் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் எங்கே உட்கார வைத்தன தெரியுமா? தொப்பி வைத்த, வால் முளைத்த பிரெஞ்சு எழுத்துகளின் நாற்காலிகளில். எழுத்துருவும் கூடவே போனால் தமிழ் தெரியும். எழுத்துருவை வழியில் விட்டுவிட்டால், தமிழ் இறங்கிப்போய் நாற்காலியின் பழைய சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாவது டிரைவர் சரக்கைச் சின்னதாக்குகிற அவசரத்தில் எழுத்துருவைத்தான் வழியில் விட்டிருந்தது.

மதுரையிலோ சேலத்திலோ ஒரு ஆபீசில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் அந்த நிமிஷமே தமிழ் உடைந்துவிட்டது என்று கண்டுபிடித்திருப்பார்கள். நாங்கள் பாண்டிச்சேரிக்காரர்கள். தொப்பியையும் வாலையும் பார்த்ததும் பிரெஞ்சு என்று நம்பிவிட்டோம். நான் தெரியாத பாஷைக்குப் பயந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன், தெரிந்த பாஷை வந்ததா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. முசியேவோ அந்த வரியை உட்கார்ந்து திருத்தவே பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னபோது, தலையைப் பின்னால் சாய்த்து அவர் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

"நம்ம காலாப்பட்டுக்கா நான் காய்ச்சல் மருந்து தேடினேன்!"

டிரைவரின் செட்டிங்கில் தேடினேன். ரொம்ப உள்ளே, எழுத்துருக்களையும் சேர்த்து அனுப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. டிக் போட்டேன். மத்தியான வெயிலில் தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. அனுப்பினேன்.

"அக்கா, கடைசி வரியைப் படிங்க."

"இரு, கை கழுவிட்டு வரேன்."

"அக்கா!"

"வந்துட்டேன், வந்துட்டேன். கத்தாத." தாளை எடுக்கிற சத்தம். அப்புறம் முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். "கா... லா... ப்... பட்... டு." படித்துவிட்டு உடனே திட்டினார். "ஊர் பேரைப் படிக்க வைக்கறதுக்கு இத்தனை நாளாடி உனக்கு?"

எழுத்துரு கூடவே போவதால் நேரம் கொஞ்சம் கூடியதுதான். ஆனால் ஒரு வாய் சோறு விழுங்குவதற்குள் வந்துவிட்டது, அது போதும். சாயங்காலம் அக்கா அந்தத் தாளைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். முசியே அடியில் பழைய தாளை வைத்து ஜன்னலில் பிடித்தார். ரெண்டு வட்டம் தெரியவில்லை. ஒன்றுதான் தெரிந்தது. "வுவாலா! இதோ பாரு!" என்று அவர் தாளை என் கையில் கொடுத்தார், பரிசு கொடுக்கிற மாதிரி.

மூன்றாவதையே வாங்கினோம். முதல் டிரைவரை நான் தூக்கிப் போடவில்லை. ஒரு நாள் இது படுத்துவிட்டால் மெதுவாகவாவது அது காப்பாற்றும் என்று ஓரமாக வைத்துக்கொண்டேன், என் புத்தி அப்படி. பழைய மூன்று துபாஷிகளையும் சர்வரில் இருந்து ஒவ்வொருத்தராக வெளியே அனுப்பினேன். ஒவ்வொன்றை நீக்கும்போதும் ஏதாவது நின்றுவிடுமோ என்று மூன்று கவுண்டருக்கும் போன் போட்டேன். கருவடிக்குப்பத்து அண்ணன் கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார், "நல்லாத்தாம்மா இருக்குது, வேலை செய்ய விடு."

சீசன் தொடங்கின அன்று என்னால் டவுனில் உட்கார முடியவில்லை. முசியேவும் கிளம்பினார். ரெண்டு பேரும் காலையிலேயே காலாப்பட்டுக்குப் போய்விட்டோம். கவுண்டர் வாசலில் ஏற்கெனவே கூட்டம். அக்கா கதவைத் திறந்து, சிலுவை போட்டுக்கொண்டு, முதல் ஆளை உட்கார வைத்தார். பேர், போட்டோ, விலாசம். தட்டினார். தாள் வந்து விழுந்தது. அடுத்தவர். விழுந்தது. அதே நேரம் டவுனிலும் கருவடிக்குப்பத்திலும் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஊர் வேலையும் ஒரே ஸ்பூலர் மேல் ஒரே சமயம் ஏறி நின்றது. என் போனில் சர்வரைத் திறந்து வைத்துக்கொண்டு, இப்போது விழும், இப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விழவில்லை. வரிசை நீளும், உடனே கரையும், மறுபடி நீளும். காலாப்பட்டுத் தாள் காலாப்பட்டில் விழுந்தது. கருவடிக்குப்பத்துத் தாள் கருவடிக்குப்பத்தில் விழுந்தது. ஒன்றுகூட வழி மாறவில்லை.

முசியே ஒரு மேஜை ஓரத்தில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டே இருந்தார். வட்டத்துக்குள் விழ விழ அவர் கை வேகம் எடுத்தது. போன வருஷம் காத்திருந்து திரும்பிப்போன கிழவியும் வந்திருந்தார், அக்காதான் எனக்குக் காட்டினார். உயிரோடு, நல்ல திடமாக. வந்து உட்கார்ந்ததும் மடியில் இருந்த வெற்றிலைப் பையைப் பிரித்து நிதானமாக மடிக்க ஆரம்பித்தார், மத்தியானம் வரைக்கும் இருக்கத் தயாராக வந்தவர்போல. அதைப் போட்டு முடிப்பதற்குள் அக்கா தாளை நீட்டினார்.

"அதுக்குள்ளவா?"

"அதுக்குள்ளதான். போங்க, அடுத்த வருஷமும் உயிரோட வாங்க."

"வராம? நீ இருப்பியா இங்க? டவுனுக்கு மாத்தறாங்கன்னு சொல்லிக்கிறாங்களே."

அக்கா திரையின் பக்கம் திரும்பினார். நானும் வேறு பக்கம் பார்த்தேன். முசியே முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"யார் சொன்னது? கவுண்டர் இங்கதான் இருக்கும். கட்டிடக்காரர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

நேற்றே! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவரிடம் சண்டை போட வேண்டும்போல இருந்தது, கூடவே அவர் காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, வாயில் சிரிப்பு. முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மத்தியானம் ஷட்டரை இறக்கும் நேரம் வந்தும் வாசலில் ஆள் இருந்தது. பக்கத்துக் கிராமங்களுக்குச் செய்தி போய்விட்டிருந்தது. காலாப்பட்டில் உடனே கிடைக்கிறது என்று பஸ்ஸில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு வருகிறார்களாம். வழக்கமாக டவுனுக்கு வருகிற சிலரும் அன்று இங்கே இறங்கிவிட்டதாக டவுன் கவுண்டரில் இருந்து போன் வந்தது. அக்கா எழுந்து வாசலைப் பார்த்தார், சுவரோரம் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்தார், பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முசியே பக்கம் திரும்பினார்.

"முசியே, வயசானவங்க நிக்கறாங்க. ஒரு பெஞ்சு வாங்கிப் போடணும்."

"ஒண்ணு போதுமா?" என்றார் முசியே.

அக்கா வாசலை இன்னொரு தடவை எண்ணினார். "ரெண்டா வாங்குங்க."

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கடை சாத்தவில்லை. அக்கா மட்டும் வீட்டுக்காரருக்கு ஊட்டிவிட்டு வர ஓடினார். அந்த இடைவெளியில் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அடுத்த பெரியவர் போட்டோவை நீட்டினார். தட்டினேன். தாள் வந்தது.